சுலோசனா தேர்ந்தெடுத்த தூண்டில்

இனி ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம் என்று முடிவெடுத்தேன். 2004-ஆம் வருஷத்தில் நான் எடுத்த ஒரே துணிச்சலான முடிவு அதுதான். அதுவரை ஞாயிறென்றால் ஒட்டடை, மாவு மிஷின், ஜன்னல் கம்பி. இனிமேல் ஊசுட்டேரியில் மீன் பிடிப்பேன்.

என் மனைவி சுலோசனா கடலோரக் குருசுக்குப்பத்துக்காரி. கடல் மீனில் வளர்ந்தவள். ஏரி மீன் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அதனால் ஏரி வரைக்கும் பின்னாலேயே வந்து வேலை ஏவ மாட்டாள். எப்படி என் மூளை!

சனிக்கிழமை சாயங்காலம், கடையில் இருந்ததிலேயே பெரிய தூண்டிலை வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு மூலக்குளத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழியில் இரண்டு பஸ் டிரைவர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள்.

சுலோசனா வாசலிலேயே மறித்தாள்.

"என்னாங்க இது, கொடிக்கம்பமா?"

"தூண்டிலு. நாளைக்கு ஏரிக்குப் போறேன்."

"ஏரியில சுறாவா இருக்குது?"

"கெண்டை, ஜிலேபி மீனு..."

"வெரல் நீளக் கெண்டைக்கு இவ்ளோ பெரிய முள்ளா? அது வாயே இத்தினிக்கூண்டு. இந்தத் தூண்டில் நரம்புல மாட்டையே கட்டலாம். எடுங்க வண்டிய!"

சண்டைக்குத் தயாராக நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரர் ஜானகிராமனிடம் போய் நின்றோம்.

"அண்ணே, இத மாத்திக் குடுங்க. நுனி நல்லா வளையணும். வெறைப்பா இருந்தா சின்ன மீனு கொத்துறது கைக்குத் தெரியாது."

"இது போதுமாம்மா?"

"இன்னும் மெலிசு. நரம்பு தண்ணியில தெரியக் கூடாது. முள்ளு அரிசி அளவு, ஈயம் மொளகு அளவு. அதுக்கு மேல போனா மெதக்குற தக்கையே முழுகிடும்."

நான் வாயைத் திறந்தேன். "சார், நீங்க கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க" என்றார் ஜானகிராமன்.

"ஏரி மீனு நாறும்பியே, சுலோ?"

"நான் திங்கலன்னா என்னா? உங்க சந்தோஷம்தாங்க முக்கியம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக இவளைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று வெட்கப்பட்டேன்.

அவள் தேர்ந்தெடுத்த தூண்டில் பொய் சொல்லவில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் பக்கெட் பாதி நிறைந்தது. இரண்டு கெண்டையாவது மொறுமொறுவென்று வறுத்துத் தின்ன வேண்டும் என்று நாக்கைச் சப்புக்கொட்டியபடி வீடு திரும்பினேன்.

வாசலில் எதிர்வீட்டு ஆதிலட்சுமி, பக்கத்து வீட்டு ஹேமலதா, இன்னும் ஆறு பெண்கள். எல்லார் கையிலும் பாத்திரம். சுலோசனா பக்கெட்டைப் பிடுங்கி, முந்தானையைச் செருகி, ஏலம் விட்டாள். ஐந்தே நிமிஷம். பக்கெட்டில் தண்ணீர் மட்டும் இருந்தது.

"சுலோ, நான் புடிச்ச மீனு!"

"எங்க குப்பத்துல, தண்ணியில இருக்குற வரைக்கும்தாங்க மீனு ஆம்பளைங்களுது. கரைக்கு வந்துட்டா பொம்பளைங்களுது. விக்கிறது நாங்கதான்."

"வறுக்க ஒண்ணு கூடவா வெக்கல?"

"கத்திரிக்கா கொழம்பு இருக்குது."

போகட்டும், அடுத்த ஞாயிறு ஏரிக்கரையிலேயே சுட்டுத் தின்னலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "அடுத்த ஞாயிறு பாத்துக்குறேன்" என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னேன்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் எதுக்கு? தெருவே கேக்குது. செவ்வா, வெள்ளி யாரும் கவுச்சி தொட மாட்டாங்க. மத்த நாளு ஆபீசுக்கு முன்னாடி ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. ஞாயித்துக்கெழமைதான் சீக்கிரம் வந்துடுவீங்களே, வந்து ஒட்டடை அடிக்கலாம்."

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரையில் உட்கார்ந்து முள்ளில் புழுவைக் கோத்தபோது, முதன்முறையாகப் புழுவின் மேல் எனக்குச் சொந்தக்காரப் பாசம் வந்தது.