காலி வட்டத்துக்குக் கீழே என் பெயர்

கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாத ஆள் வேலையே செய்யவில்லை என்று முடிவு கட்டுவது உலக வழக்கம். கடை முதலாளி என்னைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார். வீட்டில் மனைவியும் அப்படித்தான் நினைக்கிறாள். அவர்களை யாரும் கேலி செய்வதில்லை. நான் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி அப்படி நினைத்தேன். அதற்கு இத்தனை வருஷமாகச் சிரிக்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது?

செஞ்சியில் ஓர் உரக்கடையில் பில் போடுவது என் பிழைப்பு. வசன கவிதை எழுதுவது என் வியாதி. கடைக் கம்ப்யூட்டர் யூரியா மூட்டையைப் போலத்தான், யாராவது தள்ளினால்தான் நகரும். அதைப் பழுது பார்க்க வந்தவர் ஒருநாள் டாஸ்க் மேனேஜர் என்ற ஜன்னலைத் திறந்து காட்டினார். உள்ளே ஓடும் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு மெமரி தின்கிறது, எவ்வளவு சிபியுவைக் குடிக்கிறது, எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கோடு ஏறியது, சரிந்தது, மறுபடி ஏறி உச்சியில் முட்டி நின்றது. கிருஷ்ணகிரியில் தொடங்கி ராஜகிரியில் முடியும் எங்கள் செஞ்சிக் கோட்டை மலைவிளிம்பை யாரோ உள்ளே உட்கார்ந்து வரைகிற மாதிரி. மயங்கிவிட்டேன். பந்தியில் எவன் எத்தனை வடை தின்கிறான் என்று கண்காணிக்கும் சுகம். அதோடு, பிடிக்காதவனைத் தொட்டு 'எண்ட் டாஸ்க்' அழுத்தினால் இலையோடு எழுப்பிவிடும் அதிகாரம். (முதலாளி பெயர் அந்த வரிசையில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.)

இந்த ஞானம் முற்றியிருந்த சமயத்தில்தான் என் தங்கை சுமதியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. சுமதியைக் கொடுத்திருப்பது தளவானூரில். அவள் கணவரின் அண்ணன் பலராமன், போர்வெல் தண்ணீர் தகராறில் பேச்சை நிறுத்தி, மோட்டார் ரூம் சாவியையும் இடுப்பில் முடிந்துகொண்டவர். தம்பி வயல் காய்ந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். அவரிடமிருந்து திடீரென்று ஆள் மூலம் சேதி வந்தது: "ஃப்ளெக்ஸ்ல என் மூஞ்சி தாய்மாமன் சைசுக்கு இருந்தா வரேன். ஒரு இஞ்சு கொறஞ்சாலும் வரமாட்டேன்."

சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ணா, நீதான் போயி பக்கத்துல ஒக்காந்து போட்டுனு வரணும். அவரு வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி. ஒன் கவிதய அங்க காட்டாத."

போனேன். திண்டிவனம் ரோட்டில் கோமதியின் ஃப்ளெக்ஸ் டிசைன் கடை. டிசைன் மட்டும் இங்கே, பிரிண்ட் திண்டிவனத்தில். நாலு மணிக்குள் பைல் போனால் காலையில் ஃப்ளெக்ஸ் வரும், போகாவிட்டால் வராது. காலையிலிருந்து கோமதி பங்காளிகளையும் சம்பந்திகளையும் முறைப்படி அடுக்கினாள். மேலே இரண்டு பெரிய வட்டங்கள்: வலது பக்கம் பலராமன், இடது பக்கம் நான். எல்லா முகமும் வைத்து முடித்தும் என் முகம் மட்டும் பாக்கி. கண்ணாடி போட்ட போட்டோவில் கணக்கப்பிள்ளை மாதிரி இருந்தேன். கண்ணாடி இல்லாததில் ஜாமீனில் வந்தவன் மாதிரி. கடைசியில், ஒரு கவியரங்கில் பெரிய கேமராவில் எடுத்த படத்தைப் பென் டிரைவில் கொடுத்தேன். பெயருக்குக் கீழே 'தாய்மாமன், வசன கவிஞர்' என்று போடவும் சொன்னேன்.

"போட்டாச்சு சார். மெஷின் சுத்துது, தானா சரியாவும். ரெண்டு வாய் சாப்ட்டு வந்து அனுப்புறேன். எதயும் தொடாதீங்க" என்று கோமதி கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனாள்.

திரை வெளுத்தது. தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்', அதாவது கூப்பிட்டால் பதில் இல்லை, என்று வந்தது. கடிகாரமோ மூன்றரையைத் தாண்டி ஓடியது. தங்கையின் வயல் என் கண்முன் வெடித்துக் கிடந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அநியாயம்! பின்னால் சினிமாப் பாட்டு, சீரியல், எதற்கென்றே தெரியாத நாலு அப்டேட். (பாட்டு கேட்டுக்கொண்டே பங்காளிகளை அடுக்கினால் மெஷின் 'ஹேங்' ஆகித் தொங்காமல் என்ன செய்யும்?) அவற்றையெல்லாம் எழுப்பிவிட்டேன். கோடு இறங்கவில்லை. உச்சியில் ஒருவன் மட்டும் மொத்த மெமரியையும் இலை போட்டுத் தின்றுகொண்டிருந்தான். மற்றவனுக்கெல்லாம் பருக்கைகூட இல்லை. கேட்டால் பதிலும் கிடையாது. என் ரத்தம் கொதித்தது. எண்ட் டாஸ்க்!

கோடு சடாரென்று தரைக்கு வந்தது. மெஷின் காற்றாய்ப் பறந்தது. திரையில் பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை.

கை கழுவிய ஈரத்தோடு வந்த கோமதி திரையைப் பார்த்தாள். "இன்னா சார் பண்ணீங்க?"

"ஒருத்தன் அநியாயத்துக்குத் தின்னுனு இருந்தான். நிறுத்திட்டேன்."

"யோவ்! அவன்தான்யா ஒங்க வேலய செஞ்சினு இருந்தான்!" (சார் போய் யோவ் வந்ததை நான் கவனிக்காமல் இல்லை.)

"அப்படின்னா ஏன் பதில் சொல்லல?"

"வாய் நெறய வெச்சினு இருக்கறவன் எப்டி பேசுவான்? ஊரே வாட்ஸாப்புல துண்டு போட்டோ அனுப்புச்சு. நீங்க ஒருத்தர்தான் மலையாட்டம் போட்டோ குடுத்தீங்க. மெஷின முழுங்கினது ஒங்க மூஞ்சி!"

சாஃப்ட்வேர் மறுபடி திறப்பதற்குள் நான் பாதி நரைத்தேன். நடுவில் அதுவாகவே சேமித்து வைத்திருந்த ஒரு பைல் வந்தது. பலராமன் இருந்தார், பங்காளிகள் எல்லோரும் இருந்தார்கள். என் வட்டத்தில் மட்டும் வெள்ளை. கீழே 'தாய்மாமன், வசன கவிஞர்' பத்திரமாக இருந்தது. பைல் எங்கே என்று திண்டிவனம் பிரிண்ட் கடையிலிருந்து போன் வந்துவிட்டது.

"ஒங்க மூஞ்சிய வெச்சா திருப்பித் தொங்கும். வாட்ஸாப்புல கேட்டு வாங்கவும் டைம் இல்ல. சொல்லுங்க, அனுப்பவா, வேணாவா?"

நியாயமாகப் பார்த்தால் குழந்தை உட்காரப்போவது என் மடியில். அந்த மடிக்குமேல் ஒரு முகம் இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டாமா? சுமதியின் கை நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு "அனுப்பு" என்றேன்.

மறுநாள் தளவானூரில் பலராமன் வண்டியை நிறுத்தி, ஃப்ளெக்ஸைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா மச்சான், ஒன் எடம் காலியா இருக்குது?"

பொங்கிவிட்டேன். மெமரி, சிபியு, பின்னணியில் ஓடிய பாட்டு, பதில் சொல்லாத திமிர் என்று ஒன்று விடாமல் கொட்டினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நாங்க இத்தினி பேரும் கம்மியா தின்னுட்டு ஓரமா இருந்தோம். நீ ஒருத்தனே எல்லாத்தயும் தின்ன. ஒன்ன நீயே ஏந்திருக்கச் சொல்லி அடிச்சுட்ட. அதான?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பு. தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிடித்த கையை எடுக்க இருவருமே மறந்துவிட்டார்கள். பந்தியில் நான் இரண்டாவது முறை பாயசம் கேட்டபோது, "சுமதி, ஒங்க அண்ணனுக்கு மெமரி ஏறுது, எண்ட் டாஸ்க் போடு" என்றார். போர்வெல் தகராறுக்குப் பிறகு அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. மாலையில் மோட்டார் ரூம் சாவி சுமதி வீட்டு ஆணியில் தொங்கியது. அதற்கு நான் கொடுத்த விலை என் முகம் என்று ஒருவரும் சொல்லவில்லை!

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும், ஃப்ளெக்ஸில் ஒரு வெள்ளை வட்டம் உண்டு. போன மாதமும் அப்படியே. நேரே கோமதியிடம் போய்க் கேட்டேன். "போட்டோவ நானே சின்னதாக்கி அனுப்பினேனே?"

"வந்துது சார். ஒருவாட்டி வெச்சும் பாத்தேன். வெச்சா, இது யாருன்னு கேக்கறாங்க."