பாடு நாளும் வராத ராக்கெட்டும்

எதையும் சந்தேகப்படுகிறவனை ஊரில் புத்திசாலி என்று நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் நானும் கொஞ்ச காலம் திரிந்தேன். (பொன்னேரி காலேஜில் பி.யு.சி. படித்த திமிர் வேறு.)

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கப் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. நல்ல இடத்தில் வலை கட்ட ஒவ்வொரு மீனவர் கூட்டத்துக்கும் ஒரு நாள். அதைத் தவறவிட்டால் சுற்று முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு நாள், பாடு என் மாமாவுடையது. அந்த இறாலை நம்பித்தான் தன் மகள் மல்லிகாவுக்கும் எனக்கும் ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தார்.

அன்று காலையில் ரேடியோவில், நம் நாட்டின் சோதனைத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் இன்று ஏவப்படுகிறது என்றார்கள். எனக்குப் பகீரென்றது. ஏரிக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவதென்றால், தண்ணீரில் இறங்காதீர்கள் என்று முன்கூட்டியே ஆள் வந்து சொல்வார்கள். இந்த முறை யாரும் வரவில்லை. எனக்குச் சந்தேகமே அதில்தான்.

“சொல்லாம வுடறாங்கன்னா பெருசா இன்னாமோ கீது மாமா. ரொம்ப ஒசரத்துல ஒரே எடத்துல நிக்கப் போவுதாம். அவ்ளோ ஒசரம் போவணும்னா எவ்ளோ நெருப்பு வேணும்?”

“மெய்யாலுமா?”

“நான் படிச்சவன் மாமா.”

படகு கரையிலேயே கிடந்தது. மாமாவும் அவர் ஆட்களும் என்னோடு வடக்கே பார்த்தபடி நின்றார்கள். இருட்டும்வரை கூழைக்கடாக்கள்தான் பறந்தன.

மறுநாள் செய்தியில், செயற்கைக்கோள் வெற்றிகரமாக மேலே போய்விட்டதாகச் சொன்னார்கள். கடல்களைத் தாண்டி, வேறொரு கண்டத்திலிருந்து. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அடுத்த முறைக்காரர்கள் கூடை கூடையாக இறால் அள்ளினார்கள்.

மாமா தனியே கூப்பிட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவருடைய சந்தேகம் வேறு.

“எம்பொண்ண புடிக்கலன்னா நேரா சொல்லிடு. நடுவுல ராக்கெட்ட இன்னாத்துக்கு இழுக்கறே?”

சத்தியம் செய்தேன். சாட்சிக்கு ரேடியோவையே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். (அது அப்போது உர விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தது.) கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதுவரை மல்லிகா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதே விட்டேன்.

இப்போதும் ராக்கெட் கிளம்பினால் தெருவே வானத்தைப் பார்க்கும். பேரப்பிள்ளைகள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மல்லிகாவைப் பார்ப்பார்கள். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இப்பவாச்சும் சொல்லு. அன்னிக்கி நீ பயந்தது ராக்கெட்டுக்கா, எனக்கா?”