துணி ஆடினால்தான் கச்சேரி

உலகத்தில் ராக் இசைக்குழு நடத்திய மேனேஜர்களிலேயே ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்காதவர் எங்கள் ஷாமியானா அண்ணாத்தே ஒருவராகத்தான் இருக்க முடியும். இங்கிலாந்து, அமெரிக்கா நிலவரம் எனக்குத் தெரியாது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போன வாரம் என் மைத்துனர் மகள் வந்திருந்தாள். கல்லூரியில் பேண்டு வைத்திருக்கிறாளாம். மேனேஜர் சரியில்லை என்று ஒரு மணி நேரம் புலம்பிவிட்டு, உங்கள் காலத்தில் மேனேஜரெல்லாம் உண்டா மாமா என்று கேட்டாள். உண்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் களைப்பாகிவிடும். ஆனால் படுத்தும் தூக்கம் வரவில்லை. ஆகவே நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள்.

எண்பதுகளின் கடைசி. நாங்கள் மூன்று பேர். கிதாரும் பாட்டும் ஸ்டான்லி. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். டிரம்ஸ் பாஷா. பூந்தமல்லியில் அவன் வீட்டில் பாத்திரக் கடை. அண்டா குண்டானைத் தட்டித் தட்டியே கை பழகியவன். பேஸ் கிதார் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பகலெல்லாம் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவனுக்கு அதைவிடப் பெரிய சத்தம் எது கிடைத்தாலும் ஓய்வுதான். குழுவின் பெயர் ‘ஃபர்னஸ்’.

பாஷாவுக்கும் எனக்கும் பாட்டு ஒரு பொழுதுபோக்கு. ஸ்டான்லிக்கு அப்படியில்லை. அவன் சொந்தமாகப் பாட்டு எழுதினான். கேட்டால் முதுகுத்தண்டு நிமிரும். அவன் அப்பா கெடு வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்குள் பாட்டினால் ஒரு வழி பிறக்க வேண்டும். பிறக்காவிட்டால் தை மாதம் அவர் ஏற்பாடு செய்திருக்கும் ஃபேக்டரி வேலையில் வாய் பேசாமல் சேர வேண்டும். ஸ்டான்லி ஒப்புக்கொண்டிருந்தான். அந்தக் குடும்பத்தில் சொன்னால் சொன்னதுதான்.

கிதார் இருந்ததே தவிர எங்களிடம் ஸ்பீக்கர் கிடையாது. அதைத் தேடிப் போனபோதுதான் மேனாம்பேடு போகும் வழியில் பந்தல் கடை வைத்திருந்த ஷாமியானாவிடம் மாட்டினோம். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்கும் ரேஷன் கடைக்கும் தெரியும். மைக் செட், ஜெனரேட்டர், டெம்போ எல்லாம் சொந்தமாக வைத்திருந்தார். நாங்கள் விஷயத்தைச் சொன்னோம். எல்லாம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் பந்தல் போடும் இடத்தில்தான் வாசிக்க வேண்டும் என்றார். என்ன மாதிரிப் பாட்டு என்று கேட்பார் என நினைத்து ஸ்டான்லி விளக்க ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பாட்டு உங்க வேல நைனா. அது எனக்கு எதுக்கு? துணி ஆடணும். அவ்ளோதான்.”

முதல் கச்சேரியில் அதன் அர்த்தம் புரிந்தது. நாங்கள் வாசிக்கும்போது அவர் மேடைப் பக்கமே வரவில்லை. பந்தலின் கடைசியில் போய் நின்று அண்ணாந்து மேலே கட்டிய துணியைப் பார்த்தார். பேஸ் கிதாருக்கு அது லேசாக அதிர்ந்தால் கச்சேரி நன்றாக இருக்கிறது. அதிராவிட்டால் விரலைச் சுழற்றி இன்னும் சத்தம் என்று காட்டுவார். ஸ்டான்லி உயிரை உருக்கி மெதுவாக ஒரு பாட்டுப் பாடினால் துணி அசையாது. அன்றைக்கு முழுக்க அவர் முகம் வாடிக் கிடக்கும்.

உடை விஷயத்திலும் கை வைத்தார். மீந்துபோன ஷாமியானாத் துணியில் எங்கள் மூவருக்கும் சட்டை தைத்துக் கொண்டுவந்தார். சிவப்பு, மஞ்சள், நீலப் பட்டைகள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்ததும் அதே துணி. வாசிக்கிற ஆட்கள் எங்கே என்று ஜனங்கள் தேடினார்கள். பாஷாவின் தலை மட்டும் அந்தரத்தில் ஆடுகிறது என்று ஒரு குழந்தை அழுதது.

பெயரும் தப்பவில்லை. ‘ஃபர்னஸ்’ என்றால் சூளைதானே, சுபகாரியத்தில் எதற்கு நெருப்பு என்று முடிவு செய்து, பிள்ளையார் கோயில் தெருவில் எங்களை விநாயகா இசைக்குழு ஆக்கினார். பூந்தமல்லி நிக்காஹ்வில் பிறை இசைக்குழு. ஒரு முறை புது மாவு மில் திறப்பு விழாவுக்குப் போனால், மில்லின் பெயரே எங்கள் பெயராக பேனரில் எழுதியிருந்தது. எங்கள் ரசிகர் ஒருவர் இருந்திருந்தாலும் எங்களைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனாலும் அந்த மனிதர் எங்களை ஓகோவென்று ஆக்கினார். அதையும் சொல்ல வேண்டும். எப்படி என்றால், ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்தார். ராக் கேட்டால் ஜனங்கள் வேகமாகச் சாப்பிடுகிறார்கள். பாஷா அடிக்கிற அடிக்கு வாயில் போட்ட சோறு தானாக உள்ளே போகிறது. ரசத்துக்குக் காத்திராமல் மோருக்குத் தாவுகிறார்கள். பந்தி சட்டென்று நகர்கிறது. அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டால் போதும், ஷாமியானா ஓடி வந்து, “மச்சான், பந்தி தேங்கி நிக்குது, அந்த நாய் தொரத்துற பாட்ட எடு” என்பார். எங்களை சிபாரிசு செய்தவர்களெல்லாம் சமையல்காரர்கள்தான். முகூர்த்தம் தவறாமல் வாசித்தோம். நகரத்து பேண்டுகள் வருடத்துக்கு ஒரு தடவை கல்லூரி விழாவில் வாசித்துவிட்டு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் மங்கிய கரண்டிலும் புழுக்கத்திலும் குழந்தைகள் ஒயரைப் பிடுங்கும் சூழலிலும் வாசித்து வாசித்து இரும்பாகியிருந்தோம்.

சென்னீர்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில்தான் அது நடந்தது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் பாட்டைக் கேட்டு இலையை மறந்த முதல் மனிதர். நகரத்தில் பெரிய இசை நிகழ்ச்சிகள் நடத்துபவராம். ஸ்டான்லியின் சொந்தப் பாட்டுகள் இரண்டை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார். நுங்கம்பாக்கத்தில் திறந்தவெளியில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, கேசட் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், நீங்களும் வாருங்கள் என்றார். கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணி. ஸ்டான்லி அன்று டெம்போவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் பற்கள் அத்தனை வரிசையாக இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அதே ஞாயிறு காலை மேனாம்பேட்டில் ஒரு காதுகுத்துக்கு ஷாமியானா ஏற்கெனவே வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார். வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் அவருக்கு அது கோயிலில் சத்தியம் செய்த மாதிரி. காலையில் காது, சாயங்காலம் நுங்கம்பாக்கம், இதிலென்ன கஷ்டம் என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தாய்மாமன் வராததுதான் கணக்கில் இல்லை.

மாமன் மடியில் உட்கார வைக்காமல் குழந்தைக்குக் காது குத்த மாட்டார்கள். அந்த மாமனோ பத்திரிகையில் தன் பெயரைச் சித்தப்பனின் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு சென்னீர்குப்பத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேர் போய் அழைத்தும் வரவில்லை. நாங்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து தூங்கிவிட்டது.

ஷாமியானா பொறுமை இழந்தார். ஜெனரேட்டரை டெம்போவில் ஏற்றினார். எங்களையும் ஏற்றினார். மேனாம்பேட்டிலிருந்து சென்னீர்குப்பம் வரை, நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட, பட்டைச் சட்டை போட்டுக்கொண்டு ராக் வாசித்தபடி போனோம். மாமன் வாசலுக்கு வந்து பார்த்தார். கோபத்தைத் தொடர்ந்து காப்பாற்றத்தான் முயற்சி செய்தார். ஆனால் தெருவே கூடிவிட்டது. இத்தனை மரியாதையோடு வேறு எந்த மாமனையும் யாரும் அழைத்ததில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டெம்போவில் ஏறிவிட்டார். வழியில் பாஷாவிடமிருந்து ஒரு குச்சியை வாங்கி அவரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

காது குத்தி முடிந்தபோது மணி மூன்றாகப் போகிறது. அப்போதே கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம். ஷாமியானா எங்களைப் பந்தியில் உட்கார வைத்தார். ஸ்டான்லி இலையில் கை வைக்கவில்லை.

“அண்ணாத்தே, கெளம்பலாம். நாலு மணின்னு சொல்லிகீறாங்க.”

“நைனா, நான் எத்தினி வருஷமா பந்தல் போட்டுகினு கீறேன். பத்திரிகைல போட்ட டயத்துக்கு எவனாவது ஆரம்பிச்சு நீ பாத்துகீறியா? நாலுன்னா ஆறு. சாப்புடு.”

ஸ்டான்லி யோசித்துப் பார்த்தான். நானும் பாஷாவும் யோசித்தோம். நாங்கள் வாசித்த அத்தனை விசேஷங்களில் ஒன்றுகூட நேரத்துக்கு ஆரம்பித்ததில்லை. ஸ்டான்லி சாப்பிட்டான். பாயசம்கூட வாங்கிக்கொண்டான்.

நுங்கம்பாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. மைதானத்தில் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி நான்கு மணிக்கு ஆரம்பித்து, ஒவ்வொரு பேண்டுக்கும் கொடுத்த நேரத்தில் ஒவ்வொன்றும் வாசித்து முடித்திருந்தது. எங்கள் முறை வந்தபோது மைக்கில் எங்கள் பெயரை, ‘ஃபர்னஸ்’ என்ற எங்கள் சொந்தப் பெயரை, பல தடவை கூப்பிட்டார்களாம். கேசட் கம்பெனிக்காரர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். எங்களை அழைத்தவர் கோபப்படவில்லை. களைத்துப்போய், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கோபப்பட்டிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

ஷாமியானா, மேடைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த ஆளிடம் போனார்.

“எத்தினி மணிக்கு ஆரம்பிச்சாங்கோ?”

“நாலுக்கு.”

“நாலுன்னா?”

“நாலுன்னா நாலுதான் பெரியவரே.”

அவர், என்ன செய்வது என்று தெரியாமல், அந்த ஆளோடு சேர்ந்து கயிற்று முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். வேலை முழுக்க முடிந்த பிறகுதான் டெம்போவுக்கு வந்தார். ஸ்டான்லி சுருட்டி வைத்த துணிகளின் மேல் உட்கார்ந்து கிதாரைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் வந்தது. தை பிறந்ததும் ஸ்டான்லி வேலையில் சேர்ந்தான். அப்புறம் சில முகூர்த்தங்கள் வாசித்தோம். பந்தி நகர்ந்தது, துணிகூட ஆடியது. ஆனால் ஸ்டான்லி தன் பாட்டுகளைப் பாடவில்லை. பாஷா சவுதிக்குப் போனான். பேண்டு உடைந்தது என்று சொல்வார்களே, எங்களுடையது உடையக்கூட இல்லை, ஒரு நாள் யாரும் ஒத்திகைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

உடைந்தது ஷாமியானாதான். அவர் மன்னிப்பு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பந்தலில் எந்த விசேஷமும் பத்திரிகையில் போட்ட நேரத்தைத் தாண்டவில்லை. ஆறு மணி ரிசப்ஷன் என்றால் ஆறு மணிக்கு மைக்கை எடுத்து, பொண்ணு மாப்பிள்ளை அலங்காரத்தில் இருக்கிறார்கள், இருந்தாலும் ரிசப்ஷன் ஆரம்பமாகிறது என்று அறிவித்து, வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்துக் காலி நாற்காலிக்குப் பரிசு கொடுக்கச் சொல்வார். ஒரு கடைத் திறப்பில் வட்டச் செயலாளர் வரத் தாமதம் என்று கடைக்காரரின் மாமியாரை விட்டு ரிப்பன் வெட்டவைத்தார். வட்டம் வந்து இறங்கியபோது பந்தலில் பாதிக் கால்கள் பிடுங்கியாகிவிட்டது. புரோகிதர்கள் அவரைக் கண்டால் வேறு தெருவில் போனார்கள். வெற்றிலை பாக்கோடு அவர் கடைக்கு வருபவர்கள் குறைந்தார்கள். பந்தல்காரனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மேனாம்பேடு முழுக்கப் பேச்சு. ஏன் பிடித்தது என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டான்லியின் கல்யாணத்துக்கு, யாரும் கேட்காமல், குவார்ட்டர்ஸ் வாசலில் அவரே ஏணியில் ஏறிப் பந்தல் கட்டினார். அந்த வயதில் ஏறக் கூடாது. முடித்து இறங்கி வந்து ஸ்டான்லி முன்னால் நின்றார்.

“டயத்துக்கு முடிச்சிட்டேன் நைனா.”

“சரி அண்ணாத்தே” என்றான் ஸ்டான்லி. இருவரும் இவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் ஷாமியானா போய்விட்டார். மாலை நான்கு மணிக்கு எடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் நான்கு என்றால் ஐந்தரை. நானே நாலரைக்குப் போனால் போதும் என்றுதான் இருந்தேன், ஸ்டான்லி வந்து இழுத்துக்கொண்டு போனான். மூன்றரைக்கு நாங்கள் போனபோது வேறொரு பந்தல்காரர் வாசலில் பந்தல் கட்டியிருந்தார். முடிச்சு எல்லாம் தொளதொளவென்று இருந்தது. ஸ்டான்லி ஒரு பந்தல் காலின் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினான்.

நான்கு அடித்தது. பெங்களூரிலிருந்து வர வேண்டிய மச்சினர் இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுக்கலாம் என்று பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். ஸ்டான்லி எழுந்து அண்ணாத்தேயின் மனைவியிடம் போனான்.

“மணி நாலு ஆய்டிச்சு அண்ணி.”

அந்த அம்மாள், “தூக்குங்கோ” என்றார். “அந்த மன்சன் லேட்டுன்னா தாங்க மாட்டாரு.”

பறை முழங்க ஆரம்பித்தது. எல்லோரும் பாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டான்லியைக் காணோம் என்று திரும்பினேன். அவன் பந்தலின் கடைசியில், எங்கள் மேனேஜர் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று, அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனேன்.

“துணி ஆடுது மச்சான்” என்றான். அவன் கன்னம் நனைந்திருந்தது. நானும் அண்ணாந்து பார்த்தேன். நன்றாகவே ஆடியது.