துபாசியம்மாவும் நீச்சல் குளத்து மருந்தும்

இந்த ஏற்காட்டு மலையில் ஒரு சொல்லைக்கூட யாருக்காகவும் விட்டுக்கொடுக்காத ஒரே ஆள் துபாசியம்மாதான். யமன் பிரெஞ்சு மொழியில் ஓலை அனுப்பியிருந்தாலும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் படித்திருப்பார்.

நிஜப் பெயர் எங்கள் ஒண்டிக்கடை பஜாரில் யாருக்கும் தெரியாது. காரைக்காலில் பிறந்து, இங்கே ஒரு போர்டிங் ஸ்கூலில் பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கும் நம் கடைக்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுப்பார். அந்தக் காலத்தில் கப்பல் துரைகளுக்கு இந்த வேலை பார்த்தவர்களைத் துபாசி என்பார்களே, அந்தப் பெயரே இவருக்கும் ஒட்டிக்கொண்டது. பட்டுப்புடவை, அதன்மேல் ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர். சித்திரை வெயிலிலும் இதே கோலம்தான்.

மொழிபெயர்ப்பில் அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, எதையும் விடக்கூடாது. டீக்கடைக்காரரிடம் ஒரு பிரெஞ்சுத் தம்பதி பால் இல்லாத டீ கேட்டார்கள். "பாலில்லாத டீ குடிக்கறதுக்கு இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறி வரோணுமா?" என்று அவர் முனகினார். துபாசியம்மா அதையும் அப்படியே பிரெஞ்சில் சொன்னார். முனகலுக்கு முன்னால் விட்ட பெருமூச்சையும் விட்டுக்காட்டினார். தம்பதியின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்கம்மா, அதையெல்லாமா சொல்லுவாங்க?"

"நீங்க சொன்னீங்க. அதனால நான் சொன்னேன்."

இரண்டாவது சட்டம் இன்னும் கொடுமை. கேட்டவர் அதைச் செய்து காட்ட வேண்டும். 'புரிந்தது' என்று வாயால் சொன்னால் ஏற்க மாட்டார். அடிவாரத்துக்குப் போக வழி கேட்ட ஒரு பிரெஞ்சுக்காரரை, பஸ் வருவதுபோலவும் கை காட்டுவதுபோலவும் ஏறுவதுபோலவும் நடுரோட்டில் நடிக்க வைத்தார். அதற்குள் நிஜ பஸ் போய்விட்டது. அவர் ஏதோ கோபமாகச் சொல்ல, அதைத் தமிழில் எங்களுக்கெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை அவருக்குக் குடை பிடித்தபடி நின்றார்.

இப்படிப்பட்டவரை நாகலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் ரிசார்ட்டுக்கு நான்தான் அழைத்துவந்தேன். அங்கே நான் மேனேஜர். எங்கள் முதலாளி சேலத்துக்காரர். பாண்டிச்சேரிப் பக்கம் மூடிப்போன ஒரு ஹோட்டலின் நீச்சல் குளச் சாமான்களை ஒட்டுமொத்தமாக வாங்கி லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். பம்பு, ஃபில்டர், கூடவே மருந்து டப்பாக்கள். எல்லா டப்பாவிலும் பிரெஞ்சு. குளமோ மழைத் தண்ணீர் சேர்ந்து பாசிபிடித்துக் கிடந்தது. மறுநாள் சீசன் கூட்டம் வருகிறது.

முதலாளி முதலில் தன் போனை நம்பினார். ஒரு கேனைப் படம் பிடித்தார். போன் 'பி.எச். குறைவு' என்றது. அவ்வளவுதான், கொதித்துவிட்டார்.

"பாத்தீங்களா மேனேஜர்! கேனுல கொறைச்சு ஊத்தி ஏமாத்திப்போட்டானுங்க!"

துபாசியம்மா வந்து கையைக் கழுவிக்கொண்டு, கேனைத் திருப்பி, பின்பக்கத்தை முழுக்கப் படித்தார்.

"பே-ஆஷ் முவான். கேன்ல எதுவும் குறையலை. தண்ணியோட காரத்தைக் குறைக்கிறதுக்கு இது. ஆசிட்."

அடுத்த டப்பாவில் 'க்ளோர் ஷோக்' என்று இருந்தது. ஒரே தடவையில் அதிகமாகப் போட்டுப் பாசியைக் கொல்லும் குளோரின் என்று, முதலாளி கேட்டபடி ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதினார். மூன்றாவதைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"இவெர்னாஜ். குளிர்காலத்துல குளத்தை மூடி வைக்கிறப்போ போடுறது. நீங்க குளிர்காலத்துல மூடுவீங்களா?"

"டிசம்பர்லயும் கூட்டம் வருமுங்க."

"அப்போ இது உங்களுக்கு இல்லை" என்று அந்த டப்பாவைக் காலால் ஓரம் தள்ளினார். காசு கொடுத்து வாங்கியவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

எழுதி முடித்த தாளை வாங்க முதலாளி கையை நீட்டினார். துபாசியம்மா கொடுக்கவில்லை.

"மருந்து ஊத்தப்போறது யாரு?"

பழனியைக் காட்டினோம். நாகலூர்க்காரர். எஸ்டேட்டில் காப்பிச் செடிக்கு மருந்தடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். மருந்து பழகிய கை என்றுதான் முதலாளி அவரைக் குளத்துக்கு வைத்தார்.

"பழனிக்கு இங்கிலீஷ் வருமா?"

"வராதுங்க. நாஞ்சொல்லிக்கறனுங்க" என்றார் முதலாளி. பழனி பக்கம் திரும்பி, "ஏப்பா, இந்தப் பவுடரு ஒரு பக்கெட்டு, இந்தத் தண்ணி ஒரு பக்கெட்டு. ரெண்டயும் போட்டுரு. புரிஞ்சுதா?"

"ஆச்சுங்க."

"செஞ்சு காட்டட்டும்" என்றார் துபாசியம்மா. "காலி பக்கெட்டை வெச்சு."

எனக்குத் தலைவலி வந்துவிட்டது. முதலாளிக்குப் பொறுமை போயே போய்விட்டது. "வெளையாட நேரமில்லீங்க டீச்சரம்மா. நெசமாவே செய்யட்டும், நின்னு பாத்துக்குங்க."

பம்பு ரூம் சின்னது. ஒரே ஒரு கதவு. வெளியே நாற்காலி போட்டுத் துபாசியம்மாவை உட்கார வைத்தோம். பழனி கைதேர்ந்த ஆள். சுறுசுறுப்பாக ஒரு பக்கெட்டில் பவுடரைக் கரைத்தார். இன்னொன்றில் தண்ணீர் விட்டு அதில் ஆசிட்டைக் கலந்தார். பிறகு மூலையிலிருந்த காலி பேரலை உருட்டிவந்து நடுவில் நிறுத்தினார். வலது கையில் ஒரு பக்கெட், இடது கையில் ஒரு பக்கெட். இரண்டும் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன.

அந்த வயதில் அப்படி ஒருவர் பாய்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலி ஒரு பக்கம், மஃப்ளர் ஒரு பக்கம். துபாசியம்மா பட்டுப்புடவையோடு பேரலின் வாய்மேல் போய் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்தில் கொஞ்சம் உள்ளேயும் இறங்கிவிட்டார்.

பழனி திகைத்து நின்றார். "ஏனுங்கம்மா, நவுருங்க. கையி நொம்ப வலிக்குதுங்க."

"இடது கை பக்கெட்டை வெளிய கொண்டு போ. குளத்துக்கு அந்தப் பக்கம் வெச்சுட்டு வா. வலது கை பக்கெட்டை இங்கேயே வை."

பழனி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏன் பேரல்ல ஊத்தப் போனே?"

"அப்புடித்தானுங்க மருந்து கலக்கறது. மயில்துத்தம் ஒரு பக்கெட்டு, சுண்ணாம்பு ஒரு பக்கெட்டு. ரெண்டு கையிலயும் ஒண்ணா மூணாவது பேரல்ல ஊத்தோணும். ஒண்ணுக்குள்ள ஒண்ண ஊத்துனா திரிஞ்சு போயிருங்க. போர்டோ கலவைங்க. இருவது வருசமா கலக்கியிருக்கறனுங்க."

அவர் செய்ததில் தப்பே இல்லை. காப்பித் தோட்டத்துக்கு அதுதான் சரியான முறை. 'ரெண்டயும் போட்டுரு' என்று சொன்னால் அந்தக் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"போர்தோங்கிறது பிரான்சுல ஒரு ஊரு" என்றார் துபாசியம்மா, பேரலுக்குள் மாட்டிய நிலையிலும் உச்சரிப்பைத் திருத்தி. "அந்த ஊர்க் கலவையைக் கலக்கலாம். இதைக் கலக்கக் கூடாது. இது ரெண்டும் சேந்தா மஞ்சளும் பச்சையுமா ஒரு புகை வரும். இந்த ரூமுக்குள்ள நீ ரெண்டு மூச்சு இழுத்தா நெஞ்சு வெந்துடும். கதவு வரைக்கும்கூட வரமாட்டே. டப்பாவோட பின்பக்கம் முதல் வரியே அதுதான். என் தாள்லயும் முதல் வரி அதுதான்."

பழனி தன் இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். முதலாளி பவுடர் டப்பாவை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

நானும் முதலாளியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் துபாசியம்மாவைப் பேரலிலிருந்து எழுப்பினோம். அவர் முதலாளியை விடவில்லை. "இப்போ நீங்க செஞ்சு காட்டுங்க." சேலத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், காலி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தார். இன்று க்ளோர் ஷோக். பம்பு ஓடட்டும். நாளைக்குத் தண்ணீரைச் சோதித்த பிறகு, வேறு பக்கெட்டில் மற்றது என்று வாயாலும் ஒப்பித்தார். ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்ட ஒரு குடும்பம் அதைப் போனில் படம் பிடித்தது. மறுநாள் குளம் திறக்கவில்லை. வந்தவர்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைக்கும்போது துபாசியம்மாவின் கை என் தோளைப் பற்றியது. டிரைவர் ஹாரன் அடித்தும் விடவில்லை. வாழ்நாளில் ஒரு சொல்லையும் விடாத அந்த மனுஷி, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அவர் காரைக்காலில் தம்பி வீட்டில் இருக்கிறார். பழனி எங்கள் குளத்தில்தான் இருக்கிறார். குளிக்காமல் தண்ணீரில் குதிக்கிற கெஸ்டுகளை, "ஏனுங்க, அறிவிருக்குதுங்களா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார். தினமும் ஆபீசுக்குப் புகார் வருகிறது. ஒவ்வொரு முறை அந்தக் குரல் உரக்க எழும்போதும், காரைக்கால் இருக்கும் திசை எது என்று தெரியாமலே நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.