தேதி போடாத ராஜினாமா

எந்தப் பள்ளிக்கூடமானாலும் சரி, ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலோர நாற்காலியைப் பாருங்கள். அங்கே 'இந்த வருஷத்தோட சரி' வாத்தியார் உட்கார்ந்திருப்பார். ஜன்னல் எதற்கு? வெளியே போகப் போகிறவர் அல்லவா, வழி பார்த்து வைக்கிறார். நம்முடைய கணக்கு வாத்தியார் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் பையில் எப்போதும் ஒரு ராஜினாமாக் கடிதம் இருக்கும். அடித்தல் திருத்தல் இல்லாமல், கோபத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, கீழே கையெழுத்தும் போட்டு, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருப்பார். வருஷா வருஷம் புதிதாக எழுதுவார். எழுதுகிற அன்று மனைவியிடம் அறிவிக்கவும் செய்வார்.

"இந்த வருஷத்தோட சரி. முடிவு பண்ணிட்டேன்."

"சரிங்க. சாப்பாட்டு டப்பாவை எடுத்து வெளிய வைங்க, கழுவணும்."

அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பள்ளிக்கூடம் நடக்கிற லட்சணம் அப்படி. சாக்பீஸ் பீரோவின் சாவி மேலாளரிடம், மேலாளர் லீவில். எல்லா வகுப்புக்கும் படம் காட்டுகிற கருவி வாங்கி, மாலை போட்டு, கைதட்டி மாட்டினார்கள். செருகுவதற்கு எந்த வகுப்பிலும் பிளக் இல்லை. கூட்டங்கள் அதிகமாகிவிட்டன என்று பேசுவதற்கு நான்கு கூட்டம் நடந்தது. ஆசிரியர்களுக்கு உற்சாகம் ஊட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரவழைத்தார்கள். ஊட்டுகிறவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசினார். முடிவில் ஒரு படிவம்: 'உற்சாகம் வந்ததா? ஆம் / மிகவும் ஆம்.'

எல்லாவற்றையும் விட வினோதம் சுற்றறிக்கை. தலைமையாசிரியர் மேஜைமேல் எந்தத் தாள் விழுந்தாலும் அவர் படிக்க மாட்டார். படித்தால் முடிவெடுக்க வேண்டும், அந்த வம்பு எதற்கு? ஓரத்தில் 'அனைவரும் தவறாமல் பின்பற்றவும்' என்று எழுதி நீட்டிவிடுவார். பியூன் அதை வகுப்பு வகுப்பாக எடுத்துப் போவார். ஆசிரியர்களும் படிக்க மாட்டார்கள். படித்தால் செய்ய வேண்டுமே! 'பார்த்தேன்' என்று ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த மனுஷன், போன புதன்கிழமை பொறுக்கவில்லை. அன்று காலை புது கால அட்டவணை ஒட்டியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக் கணக்கு, இன்று முதல் விளையாட்டு வாத்தியாருக்கு. பாதி வருஷத்தில்! பின்னம் என்றாலே பென்சிலைக் கடிக்கிற முப்பத்தெட்டுப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தார். கணக்கு வாத்தியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நேராக அறைக்குப் போனார், உறையைப் பிரித்தார், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தேதி போட்டார். ஆளில்லாத தலைமையாசிரியர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

"வச்சிட்டேன் டீச்சர்," என்றார் பக்கத்து நாற்காலி அறிவியல் டீச்சரிடம்.

"எதை சார், சாப்பாட்டையா?"

கடைசிப் பீரியடு எட்டாம் வகுப்பு 'பி'. விடைபெறத்தான் போனார், சத்தியமாக. விளையாட்டு வாத்தியார் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை வந்தீங்க சார்! இந்தப் பொண்ணு என்னைக் கொன்னு எடுக்குது." சொன்னவர் திரும்பிப் பார்க்காமல் மைதானத்துக்கு ஓடினார்.

மூன்றாவது பெஞ்சில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். இத்தனை மாசமாக வகுப்பில் வாயைத் திறக்காதவள்.

"சார், ஆறை அரையால வகுத்தா பன்னிரண்டுன்னு போட்டிருக்கு. வகுத்தா குறையத்தானே சார் செய்யும்? எப்படிக் கூடும்?"

கேட்டாளே ஒரு கேள்வி! விடைபெற வந்தவர் பையைத் துழாவினார். மேலாளர் லீவுக்குப் பயந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த முழு சாக்பீஸ்கள், சரியாக ஆறு. மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"ஆறு சாக்பீஸ். ஆளுக்கு அரை குடுத்தா எத்தனை பேருக்குக் குடுக்கலாம்?"

சொல்லிவிட்டு ஒன்றை உடைத்தார். மனசு வலிக்கத்தான் செய்தது. இரண்டாவதையும் உடைத்தார். ஆறாவதை உடைக்கும்போது வகுப்பே எழுந்து எண்ணியது.

"பன்னிரண்டு பேர்!" என்று கத்தினாள் அவள். "அப்போ ஆளுக்குக் கால்னா... இருபத்துநாலா சார்?"

"உடைச்சுப் பாத்துடலாம், வா!"

அந்த நேரம் பார்த்து பியூன் சுற்றறிக்கை அட்டையை நீட்டினார். வாத்தியார் கண் முழுக்கச் சாக்பீஸ்மேல். பேனா தானாக ஓடி 'பார்த்தேன்' போட்டது.

"நீங்கதான் சார் கடைசி. நீங்களே ஆபீஸ்ல குடுத்துடுங்க, நான் மணி அடிக்கணும்."

பிள்ளைகள் போன பிறகுதான் தாளைப் பார்த்தார். மூன்று பத்தி. அவருடைய கையெழுத்து. அவருடைய தேதி. ஓரத்தில் தலைமையாசிரியர் கைப்பட 'அனைவரும் தவறாமல் பின்பற்றவும்.' கீழே இருபத்தேழு ஆசிரியர்களின் 'பார்த்தேன்.' அடப்பாவிகளா! பள்ளிக்கூடமே ராஜினாமா செய்திருந்தது, ஒருவருக்கும் தெரியாமல். இருபத்தெட்டாவதாக அவரே.

தனியாக நின்று வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது ஒன்று உறைத்தது. ராஜினாமாவையே படிக்காதவர்கள் கால அட்டவணையையா படிக்கப் போகிறார்கள்? எட்டாம் வகுப்பு 'பி'க்கு யார் போகிறார் என்று பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? விளையாட்டு வாத்தியார் வாயைத் திறப்பாரா, என்ன?

தாளைத் திருப்பினார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. பள்ளியில் வெள்ளைத்தாள் கிடைக்கிற அழகு தெரியும் அல்லவா? மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க அதில் பத்துக் கணக்கு எழுதினார். முதல் கணக்கு, ஒன்பதை அரைக்காலால் வகு.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள். "என்னங்க, முகமெல்லாம் சாக்பீஸு?"

"நாளைக்குச் சீக்கிரம் போகணும்," என்றார். "ஆமா, அடுத்த வருஷத்தோட சரி."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் மேஜை இழுப்பறையில், அடித்தாளுக்குக் கீழே, நான்காக மடித்து ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதில் தேதி போட்டாயிற்றா?