முன்னாடி போட்டதுதான் தெளிவு

புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகப் போய் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "பழசு மாதிரி வராது" என்று தீர்ப்புச் சொல்கிற ஒரு மனித வகை உண்டு. ஒரிஜினல்காரர் என்று அவரைச் சொல்லலாம். நீங்கள் பார்த்ததில்லை என்றால் கேட்டாவது இருப்பீர்கள். அவர் குரல் பக்கத்து வீடு வரைக்கும் வரும்.

அவர் பழசை விரும்புகிறவர் என்று தப்புக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். பழசை விரும்புகிறவர் பழசோடு நிம்மதியாக இருந்துவிட்டுப் போவார். இவருக்குப் புதுசு வேண்டும். புதுசு வந்தால்தானே திட்ட முடியும்?

நாம் பார்க்கப்போகும் ஒரிஜினல்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னாடி போட்டது தெளிவா இருக்கா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவர் பிழைப்பு. வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கி, யோசித்து, நேர்மையாகப் பதில் சொல்வார்கள். அதே கேள்வியை யாராவது அவரிடம் கேட்டால் லென்ஸ் போடும் முன்பே பதில் வந்துவிடும். முன்னாடி போட்டதுதான்!

அவரைப் பிடித்து ஆட்டுவது ஒரு வீடியோ கேம். 'இருட்டுக் கோட்டை' என்று பெயர். ஈட்டி பிடித்த வீரன் ஒருவன் பாழடைந்த கோட்டைக்குள் நுழைந்து, படிக்குப் படி தாவி, வௌவால்களையும் எலும்புக்கூடுகளையும் குத்தித் தள்ளிக்கொண்டே மேலே ஏறி, உச்சி அறையில் சவப்பெட்டிக்குள் படுத்திருக்கும் ரத்தக்காட்டேறிப் பிரபுவை ஒழிக்க வேண்டும். சின்ன வயதில் அவரும் தங்கையும் ஒரே ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு இதை ஆடினார்கள். வீரன் சாகும்வரை ஒருவர், செத்தால் அடுத்தவர்; ஒரு உயிர் அண்ணனுக்கு, ஒரு உயிர் தங்கைக்கு என்று ஒப்பந்தம். உச்சி அறையை இரண்டு பேரும் பார்த்ததே இல்லை. பார்ப்பதற்குள் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, அவர் கேம் பெட்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அந்தக் கேம் எடுத்த அவதாரங்கள் கொஞ்சமா? குறுந்தகட்டில் வந்தது, கையடக்கப் பெட்டியில் வந்தது, போனில் வந்தது, வெள்ளிவிழாப் பதிப்பு வந்தது, முழுத் தொகுப்பு வந்தது, முழுத் தொகுப்பில் விட்டுப்போனவற்றின் தொகுப்பும் வந்தது. எல்லாவற்றையும் வந்த அன்றே வாங்கினார். எல்லாவற்றையும் "கெட்டுப்போச்சு" என்றார். கூடத்து அலமாரியில் வரிசையாக அடுக்கியிருக்கிறார், பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே எப்படித் தெரியும் என்கிறீர்களா? கெட்டுப்போனதைப் பிரித்து வேறு பார்க்க வேண்டுமா?

பழைய கேமில் வீரன் குதித்தால் குதித்ததுதான். புதியவற்றில் நடுவானில் திசை மாறிக்கொள்ளலாம். "நடு ஆகாயத்துல திரும்பறதாவது! வாழ்க்கையில அப்படித் திரும்ப முடியுமா?" என்பார், ஏதோ தினமும் மாடியிலிருந்து குதித்துப் பழக்கப்பட்டவர் போல. செத்துப்போனால் ரீவைண்ட் பண்ணிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு அக்கிரமம். பழைய படம் கிட்டத்தட்ட சதுரம் என்பதால், சுவரை அடைக்கிற டிவி ஒன்றை வாங்கி, இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டு, நடுவில் துளியூண்டு படத்தை வைத்துப் பார்க்கிறார். "இவ்ளோ பெரிய டிவி எதுக்குங்க, தபால்தலை பாக்கவா?" என்று அவர் மனைவி ஒருநாள் கேட்டார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை வரவில்லை.

எல்லாக் குற்றத்துக்கும் தலைமைக் குற்றம் நிலா. அந்தக் காலத்துக் கேமில் கோட்டைக்குப் பின்னால் ரத்தச் சிவப்பாக நிலா தொங்கியது என்பது அவர் சாட்சி. மறுபதிப்புகள் எல்லாவற்றிலும் நிலா வெள்ளை. இதற்காக இணையக் குழுக்களில் மல்லுக்கட்டினார், நண்பர்களைப் பகைத்துக்கொண்டார், கண் பார்க்க வந்தவர்களிடமும், மூக்கில் சட்டத்தோடு எழுந்து ஓட முடியாத நேரமாகப் பார்த்து, இந்த அநியாயத்தை விளக்கினார். குழுவில் அவருக்கே 'சிவப்பு நிலா' என்று பெயர் விழுந்துவிட்டது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

இப்படி இருக்கையில், தூர தேசத்தில் நர்ஸாக இருக்கும் தங்கை பல வருடங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். சாயங்காலம் ரயில், மறுநாள் விமானம். கைப்பையில் இருட்டுக் கோட்டையின் புத்தம்புதுப் பதிப்பு.

"அண்ணா, இன்னைக்கு உச்சி அறைக்குப் போயே ஆகணும். ஒரு உயிர் உனக்கு, ஒரு உயிர் எனக்கு. சரியா?"

ஒரிஜினல்காரர் அவசரமாக டிவியைப் போட்டார். இத்தனை பதிப்பு வாங்கியும் அவர் எதையும் உச்சி அறைவரை ஆடியதில்லை. தங்கையை விட்டுவிட்டு அங்கே போவது துரோகம் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் இத்தனை நாள் போகாமல் இருந்தேன் என்று ஒரே ஒரு வரி. அவர் சொன்ன வரி இது:

"இந்தப் பதிப்புல சவுண்டு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன்."

ஆட்டம் ஆரம்பித்தது. தங்கை நடுவானில் திரும்பினாள். "செல்லாது," என்றார் அண்ணன். ரீவைண்ட் பண்ணினாள். "செல்லாது, முதல்லேர்ந்து வா." இரண்டாம் மாடிப் படிக்கட்டிலேயே அந்த வீரன் விழுந்து விழுந்து செத்தான். அப்போது ஜன்னலுக்கு வெளியே நிலா தெரிந்தது. கோட்டை ஜன்னலுக்கு வெளியே. வெள்ளை வெளேரென்று. ஒரிஜினல்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டிவியின் வண்ண அமைப்புகளுக்குள் புகுந்தார். அதைக் கூட்டினார், இதைக் குறைத்தார். டீ ஆறிப்போனது. தரையில் கிடந்த வெயில் மெல்லச் சுவரில் ஏறியது.

"என்னண்ணா தேடற?"

"சிவப்பு. நிலா சிவப்பா இருந்துச்சு, உனக்கு ஞாபகமில்ல?"

தங்கை சிரித்துவிட்டாள். "அது நம்ம வீட்டு டிவிண்ணா! அதுல மத்த கலரெல்லாம் போய் எல்லாமே சிவப்பாத்தானே தெரியும்? செய்தி வாசிக்கிறவரப் பாத்து, பாவம், இவருக்குக் காய்ச்சல் இன்னும் விடலை போலிருக்கேன்னு அம்மா தினமும் சொல்வாங்களே!"

கணக்கு டீச்சர் திரும்பி நின்று ஜன்னல் திரையைச் சரிசெய்தார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். உங்களுக்கு இந்த வகையைத் தெரியவில்லை. அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்த டிவிதான் ஒரிஜினல்," என்றார். "அது இல்லாம இத ஆடறதுல அர்த்தமே இல்ல."

போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய், பழைய சாமான் விற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "நல்லா ஓடற டிவியே இருக்கு சார்," என்றார் ஒருவர். "நல்லா ஓடறது வேண்டாங்க. கெட்டுப்போனது வேணும். அதுலயும் சிவப்பு மட்டும் கெட்டிருக்கக் கூடாது." அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். இவர் அடுத்த எண்ணைத் தேடினார்.

கூடத்தில், "அண்ணி, நீங்க வாங்க. ஒரு உயிர் உங்களுக்கு," என்று குரல் கேட்டது. அதற்குமுன் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டே அறியாத கணக்கு டீச்சர் உட்கார்ந்தார். நடுவானில் திரும்பினார்கள். செத்தார்கள், ரீவைண்ட் பண்ணினார்கள். வௌவால் மோதினால் அண்ணி அலறினார், அண்ணி அலறினால் தங்கை சிரித்தாள். அந்த வீட்டில் அந்தக் கேமை ஒருவர் சிரித்துக்கொண்டே ஆடியது அன்றுதான்.

"அண்ணா! கடைசிக் கதவு! ஓடி வா, கடைசி உயிரை உனக்குன்னு வச்சிருக்கேன்!"

ஒரிஜினல்காரர் அறை வாசற்படிக்கு வந்தார். பொய் சொல்லக் கூடாது, வேகமாகத்தான் வந்தார். திரையில் உச்சி அறைக் கதவு. தங்கை ஜாய்ஸ்டிக்கை நீட்டிக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் நீட்டியது போலவே. அவர் கை எழுந்தது. வாயும் திறந்தது, அதுதான் கெடுத்தது.

"ரீவைண்ட் பண்ணித்தானே வந்தீங்க?"

"ஆமா. அதனால என்ன?"

"அப்போ இது கணக்குல வராது."

திரும்பி உள்ளே போய்விட்டார். தங்கை நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அண்ணியிடம் கொடுத்தாள். பிரபு ஒழிந்தான், கோட்டை இடிந்தது, சூரியன் வந்தது. யாரும் கைதட்டவில்லை. தங்கை பயணப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "அடுத்த தடவை ஆடலாம்ணா," என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனாள்.

போன மாதம் இன்னொரு மறுபதிப்பு வந்தது. வழக்கம்போல அன்றே வாங்கிவந்தார். உறையைப் பிரிக்காமல் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார் மனைவி.

"கெட்டுப்போச்சு," என்றார். அதை வரிசையின் கடைசியில் செருகினார். "அன்னைக்கு என் தங்கச்சி கொண்டுவந்தாளே, அதுதான் ஒரிஜினல். அது மாதிரி வராது."

நீங்கள் இந்த ரகம் இல்லை, தெரியும். புதுசைக் கண்டால் மனதாரப் பாராட்டுகிறவர் நீங்கள். ஒரே ஒரு சந்தேகம். இதைப் படித்துக்கொண்டு வருகையில், நடுவில் எங்கேயாவது, 'முன்னாடியெல்லாம் இந்த மாதிரி கேலி எவ்ளோ நல்லா எழுதுவாங்க' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் இதை மூடி வைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து யாராவது உங்களைக் கூப்பிடுகிறார்களா என்று எட்டிப் பாருங்கள்.