மாட்டுக்குக் கீழே ஒரு எண்ணெய்க் கிணறு

புதன்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலை. ஒரு கிணத்தைப் போட்டோ எடுக்கணும்.

தண்ணிக் கிணறு இல்லைங்க, எண்ணெய்க் கிணறு. அதைப் பாக்கறதுக்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் குடுக்குது. திருவெள்ளறை தாண்டி ஒரு ஊர்ல, ரொம்ப காலம் முன்னாடி எண்ணெய் இருக்குமான்னு தோண்டிப் பாத்து, ஒண்ணுமில்லைன்னு சிமெண்ட்டைக் கொட்டி மூடின கிணறு. மூடினது மூடினபடியே இருக்கா, எங்கயாவது கேஸ் கசியுதான்னு பாத்துட்டு வரணும். அவ்வளவுதான்!

அன்னைக்கே ஸ்ரீரங்கத்துல எங்க அக்கா பையனுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். என் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். பன்னெண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பம்.

"இன்னைக்கு லீவு போடேன்டா"ன்னு அக்கா கெஞ்சினா.

"ஒரு போட்டோக்கா! பத்தரைக்கெல்லாம் உன் வீட்டு வாசல்ல நிப்பேன்"னேன். இப்படிப் பேசற வாயில ஒரு பிடி மண்ணை அள்ளிப் போடணும்.

ஆபீஸ்ல புதுசா ஒரு ஆப் குடுத்திருக்காங்க. கிணறு எங்க இருக்குன்னு அதுவே காட்டும். அந்த இடத்துக்குப் போய் நின்னாத்தான் கேமராவே திறக்கும். நாங்க ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே போட்டோ அனுப்பிடுவோம்னு அவ்வளவு நம்பிக்கை எங்க மேல.

ஊருக்குள்ள பைக் போற பாதை ஒரு சோளக்கொல்லையோட முடிஞ்சிருச்சு. வண்டியை நிறுத்தினேன். கொல்லை ஓரமா இடுப்பு உசரத்துக்கு ஒரு துருப்பிடிச்ச இரும்புக் குழாய் நின்னுச்சு. ஹெல்மெட்டை அதுல மாட்டிட்டு, செல்லைப் பாத்துக்கிட்டே நடந்தேன்.

ஆப்ல கிணறுன்னு காட்டின நீலப் புள்ளி என்னை வரப்பு மேல கூட்டிட்டுப் போச்சு. ஒரு தோப்புக்குள்ள போச்சு. கடைசியா ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துல, மாட்டுக் கொட்டகைக்குள்ள போய் நின்னுச்சு. சரியா சொல்லணும்னா, மாட்டுக்கு அடியில.

மூளைன்னு ஒண்ணு இருக்கறவன் அங்கேயே சிரிச்சிட்டுத் திரும்பியிருப்பான். நான் இன்ஸ்பெக்டர் ஆச்சே!

பால் கறந்துக்கிட்டிருந்த அம்மாகிட்ட, "அந்த மாட்டைக் கொஞ்சம் நகத்துறீங்களா?"ன்னு கேட்டேன்.

"எதுக்குங்க?"

"அதுக்குக் கீழ ஒரு எண்ணெய்க் கிணறு இருக்குங்க."

அந்தம்மா மாட்டையும் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க. "நாங்க சாணிதான் பாத்திருக்கோம்"னாங்க.

சொல்லி வாய் மூடல, பக்கத்துச் சுவருக்கு மேல ஒரு தலை எட்டிப் பாத்துச்சு. "என்ன எண்ணெய்?"

அது பெரியவர் முத்தையா, அந்தம்மாவோட புருஷன் செல்வராசுக்கு அண்ணன். பாகம் பிரிச்சு நடுவுல சுவர் எழுப்பினதுலேருந்து அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாதாம். எண்ணெய்ன்னதும் அந்த வயசுல சுவரேறிக் குதிச்சார் பாருங்க!

"இந்தக் கொட்டகை எங்க தாத்தா கட்டினது. பாகம் இன்னும் ரிஜிஸ்டர் ஆகல சார்"னார்.

செல்வராசு உள்ளேருந்து ஓடி வந்தார். "ஓட்டு வீடு எனக்கு, பாம்பு அடையற கொட்டகை உனக்குன்னு தள்ளி விட்டது யாரு?"

"அன்னைக்கு அடியில எண்ணெய் இருக்குன்னு சொன்னாங்களாடா?"

"பாம்பு இருக்குன்னு சொன்னாங்கல்ல? அப்ப பாம்பையும் சேத்து எடுத்துக்க!"

பெரியவர் கடப்பாரையோட வந்துட்டார். தம்பி மாட்டுக்கு முன்னால கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறார். மாடு மட்டும் நிம்மதியா அசை போட்டுக்கிட்டிருக்கு. வேடிக்கை பாக்க தெருவே கூடிருச்சு.

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். மாட்டேனே! நியாயம் பேசினேன். "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. பூமிக்கடியில எண்ணெய் இருந்தா அது அரசாங்கத்துக்குத்தான் சொந்தம்."

பெரியவர் கடப்பாரையைக் கீழ வச்சார். தம்பியைப் பாத்து, "டேய், இவன் நம்ம இடத்தைப் புடுங்க வந்திருக்கான்டா"ன்னார்.

"ஆமாண்ணே"ன்னார் தம்பி.

அந்தம்மா கண்ணு கலங்கிருச்சு. பேசாத அண்ணன் தம்பியைப் பேச வச்ச புண்ணியம் எனக்குத்தான். பேசின வேகத்துல ரெண்டு பேரும் சேந்து என் செல்லைப் புடுங்கிட்டாங்க.

அந்த நேரம் பாத்தா அக்கா கூப்பிடணும்? பெரியவர் எடுத்தார்.

"ஆமாம்மா, இங்கதான் இருக்காரு. மாட்டுக்கடியில என்னத்தையோ தேடுறாரு. ... இல்லம்மா, குடிச்ச மாதிரி தெரியல."

எனக்கு வேர்த்து ஊத்துது. பதினொண்ணே கால் ஆயிருச்சு. "ஐயா, காலைத் தொட்டுக் கும்பிடறேன். இதுல ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அன்னைக்கே ஒண்ணுமில்லைன்னு மூடிட்டாங்க. போட்டோ மட்டும் எடுத்துட்டுப் போறேன்"னு கதறினேன்.

பெரியவர் மூஞ்சி அப்படியே சுண்டிப் போச்சு. "ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு அலப்பறை?" செல்லை என் கையில திணிச்சார். தம்பியைப் பாத்து, "கொட்டகை உனக்கே இருக்கட்டும்டா. பாம்பு அடையற இடம்"னுட்டு, போறப்ப மரியாதையா வாசல் வழியா போனார்.

மாட்டைப் போட்டோ எடுத்தேன். பச்சை டிக் விழுந்துச்சு. கிணறு நல்ல நிலையில் உள்ளதுன்னு ஆப்பே எனக்கு நன்றி சொல்லுச்சு.

தலைதெறிக்க ஓடி வந்து, குழாய்ல மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழட்டினேன். அது மறைச்சிருந்த இடத்துல, குழாய் மேல, வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு நம்பர். என் கிணத்தோட நம்பர்!

மூடின கிணத்துக்கு அடையாளமா குழாய் நட்டு நம்பர் எழுதி வைப்பாங்கன்னு ஊருக்கெல்லாம் நான்தான் பாடம் எடுப்பேன். தூ!

கேமராவைத் திறந்தேன். "நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்"னு வந்துச்சு. மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

"அது பழைய மேப்பு கணக்கைப் புது மேப்புக்கு மாத்தாமலே ஏத்திட்டாங்கய்யா, எல்லாக் கிணறும் கொஞ்சம் தள்ளித்தான் காட்டும். பச்சை டிக் வந்துச்சா?"

"வந்துச்சு சார். ஆனா அது மாடு சார்."

"டிக் வந்துச்சுல்ல? அப்புறம் என்ன?"ன்னு வச்சுட்டார். இந்த அறிவாளிங்களை நம்பித்தான் நாட்டோட எண்ணெய் இருக்கு.

கொள்ளிடம் பாலத்துல டிராபிக். அக்கா வீட்டுப் படியேறறப்ப பன்னெண்டே கால். குழந்தை காதுல மஞ்சளோட, எங்க சித்தப்பா பையன் சுரேஷ் மடியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தான். சுரேஷ் தோள்ல எனக்குன்னு வாங்கின பட்டுத் துண்டு. பதினொண்ணே முக்காலுக்கே முடிஞ்சிருச்சாம்.

ஒரே அக்கா, ஒரே மருமகன். இது திரும்பி வராது. நடந்ததை ஒண்ணுவிடாம சொன்னேன். மாடு, டிக், குழாய், எல்லாம். யாராவது பாவப்படுவாங்கன்னு நினைச்சேன்.

அக்கா சிரிக்கல. குழந்தையைத் தூக்கி என் மடியில வச்சா. "ஆசாரி, ஊசியை இவன் காதுகிட்ட சும்மா பிடிங்க. சுரேஷ், நீ போட்டோ எடு"ன்னா.

"எதுக்குக்கா?"

"உன் ஆபீஸ்ல இப்படித்தானே பண்றீங்க? டிக் விழுந்தாப் போதும்ல?"

ராத்திரி ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். மாடாவது இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு.